ஏரி என்னும் சொல்லும் ஏரியும்

(உழவர் திருநாள் விழாவில் ஆற்றிய உரை)



தமிழன் மழைநீரைத் தேக்கியவன். தேக்கியதனால் அதற்குரிய சொற்களையும் ஆக்கியவன். ஊரார் உண்ணும் நீர் நின்றது ஊருணி. ஏர்த்தொழிலுக்கு நீர் நின்றது ஏரி. பாண்டிநாட்டார்க்கு அது கண்மாய். மழையை ஏரிக்குக் கொணர்வது வரத்துக்கால். நீரை வயலுக்கு விடுவது மடை. கரை உடையாவண்ணம் மிகைநீரை வெளியேற்றுவது கலிங்கு. குமிழித் தூம்பிலோ, நீரோடித் துளை தெளிந்த நீரையும் சேறோடித் துளை அடிவண்டலையும் போக்கின. ஒவ்வொரு சொல்லும் ஓர் அமைப்பின் பெயர். ஓர் அறிவின் பெயர். இவற்றைக் காக்க ஏரி வாரியம் இருந்ததை 10-ஆம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும்.

இன்று அச்சொற்கள் எங்கே? அகரமுதலியில் உள்ளன. அப்பொருள்கள் எங்கே? மாம்பலத்து நெடிய ஏரி கடந்த நூற்றாண்டில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகராயிற்று. 1976-இல் எழுந்த வள்ளுவர் கோட்டமோ, நுங்கம்பாக்கத்து ஏரி கிடந்த நிலத்திலேயே நிற்கின்றது. வான்சிறப்பை இரண்டாம் அதிகாரமாக வைத்தவருக்கு, ஏரியை இழந்த இடத்திலா கோட்டம்! 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக்கு, 2019-இல் சோலையார்ப்பேட்டையினின்று தொடர்வண்டியில் குடிநீர் வந்தது. கலத்தை உடைத்துவிட்டு வானத்தைப் பழிக்கின்றோம்.

புறநானூற்றுக் குடபுலவியனார் பாண்டியனுக்கு நீர்நிலை பெருக்கச் சொன்னதை மேடைதோறும் முழங்குகின்றோம். மேடைக்குப் பின்னுள்ள ஊருணியில் குப்பை மிதக்கின்றது. குடிமராமத்து என்பதிலுள்ள 'மராமத்து' அயற்சொல் என்று களைந்தோம், நன்று. அச்செயலையும் சேர்த்தன்றோ களைந்துவிட்டோம்!

இனிச் செய்ய வேண்டுவன கேளுங்கள். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள கூரையின்மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 இலிட்டர் நீர் விழும். 2003-இல் தமிழ்நாட்டரசு கட்டடந்தோறும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியது. குழாய் இருந்தால் மட்டும் போதாது, குழி தூர்ந்திருக்கலாகாது. துலைத் திங்களுக்கு (ஐப்பசி) முன்பே கூரையைக் கூட்டுங்கள். முதல் மழையை வெளியே போக்குங்கள். பின்வரும் நீரைக் கூழாங்கல், சரளை, மணல் அடுக்கிய வடிதொட்டி வழியே, கொசுவும் வெளிச்சமும் புகாத தொட்டியில் தேக்குங்கள்; குடிப்பதைக் காய்ச்சிப் பருகுங்கள். மிகுந்ததைக் கசிவுக்குழியில் இறக்கி நிலத்துக்கு ஊட்டுங்கள்.

உழவர் பெருமக்கள் கோடையிலேயே சரிவுக்குக் குறுக்காக உழுது, வரப்பை உயர்த்தி, நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுக. ஓடும் மழை நின்று மண்ணில் இறங்கும்.

மேழம், விடைத் திங்கள்களில் (சித்திரை, வைகாசி) ஏரி வறண்டிருக்கும். அப்பொழுது நம் மன்றத்தார் ஒவ்வொருவரும் மண்வெட்டியோடு தத்தம் ஊர் வரத்துக்காலில் இறங்குக. 'கலிங்கு என்றால் என்ன?' என்று பிள்ளை கேட்டால் அகரமுதலியைப் புரட்ட வேண்டா; கைப்பிடித்து அழைத்துச் சென்று, நீர் வழியும் கலிங்கைக் காட்டுக. அதுவே சொல்லையும் காக்கும், ஊரையும் காக்கும்.

வெல்க தமிழ்! வாழ்க உழவர்!