பனிக்கண்டத்தில் இரவு ஷிஃப்ட்



மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளிக் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று 2010இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். கடல்நீரை இழுத்து, வடிகட்டி, அழுத்தம் கொடுத்து மெம்பிரேன் வழியே தள்ளி உப்பைப் பிரிக்கிற அந்த வேலையைச் செய்கிறவர்கள்கூட இப்போது வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் தொழில் சிறிய அளவில் அண்டார்டிகாவிலும் நடக்கிறது. லார்ஸ்மான் குன்றுகளில் 2012 மார்ச்சில் திறக்கப்பட்ட நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையத்துக்கும் கடல்நீர்தான் குடிநீர். கடல் மட்டும் வேறு. உறைகிற நிலையில் இருக்கும் கடல். நீர் எவ்வளவு குளிர்கிறதோ, அவ்வளவு மெதுவாகத்தான் மெம்பிரேனைக் கடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

துருவ ஆய்வு என்றதும் நம் மனத்தில் வருவது கொடியும் பென்குயினும் விஞ்ஞானியும்தான். அங்கே குளிர்காலம் முழுக்கத் தங்கி ஒரு நிலையத்தை உயிரோடு வைத்திருப்பது தனிக் கலை. அதில் பாதிக்கு மேல் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர், சமையல்காரர் ஆகியோரின் கைவேலை என்பது என் கருத்து. அந்தக் கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு 1982 ஜனவரியில் அண்டார்டிகாவில் கால்வைத்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் தக்ஷிண் கங்கோத்ரி நிலையம் எழுந்தது. மிதக்கும் பனித்தட்டின் மேல் கட்டியதால் அதைப் பனி மூடிக்கொண்டே வந்தது, 1990இல் கைவிட்டார்கள். அதற்குள் ஷிர்மாக்கர் என்ற பாறைப் பகுதியில் மைத்ரி தயாராகியிருந்தது. கெட்டித் தரையில் நிற்பதால் இன்றும் இருக்கிறது. மூன்றாவதாக வந்த பாரதி, 134 கன்டெய்னர்களை அடுக்கி, மேலே உறை போர்த்தி, கால்கள்மேல் நிறுத்திய கட்டடம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு, அதே பெட்டிகளுக்குள் ஆய்வகமும் படுக்கையறையும் இருப்பதைக் கற்பனை செய்வது கடினமில்லை.

இனி எஞ்சின் அறைக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கரண்ட் போனால் டிஜி செட் என்கிற டீசல் ஜெனரேட்டர் எடுக்கும்வரை லைன் நிற்கும், சூப்பர்வைசர் கத்துவார், மின்வாரியத்துக்குப் போன் பறக்கும். அண்டார்டிகாவில் டிஜி செட்தான் மின்வாரியம். விளக்கு, அடுப்பு, தண்ணீர், கணினி, ஆண்டெனா எல்லாம் அதை நம்பித்தான். பாரதியில் எஞ்சின் கக்கும் சூட்டையும் வீணாக்காமல் கட்டடத்தைக் கதகதப்பாக வைக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆக, எஞ்சின் நின்றால் இருட்டோடு குளிரும் உள்ளே வரும். சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்துவிடும். அதனால் எண்ணெயே வேறு வகை. வெறுங்கையால் ஸ்பேனரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். தடித்த கையுறை போட்டால் சின்ன நட்டு பிடிபடாது. கையுறையைக் கழற்றி, நாலு திருகு திருகி, மறுபடி மாட்டி, விரலைச் சூடாக்கிக்கொண்டு மீண்டும் திருக வேண்டும். இங்கே பத்து நிமிடத்தில் முடிகிற வேலை அங்கே பொழுதைத் தின்றுவிடும்.

மைத்ரிக்குத் தண்ணீர் தருவது பிரியதர்ஷினி ஏரி. குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி தடித்தாலும் அடியில் நீர் இருக்கும். அதைப் பம்ப் போட்டு, சூடேற்றும் வசதியுள்ள குழாயில் கொண்டுவருகிறார்கள். பம்ப் நின்று, குழாய்க்குள் தேங்கியது உறைந்துவிட்டால், பனிப்புயலில் போய் அதை இளக்கப்போவது யார்? அதனால் பழுது வரும்வரை காத்திருக்கிற பழக்கத்துக்கே அங்கே இடமில்லை. ஸ்பேர் இல்லை என்றால் அடுத்த கோடைக்குக் கப்பல் வரும்வரை இல்லைதான். நம் ஊரில் பிரேக்டவுன் வந்தபிறகு ஓடுகிறவருக்குக் கிடைக்கிற கைதட்டல், பிரேக்டவுனே வராமல் பார்த்துக்கொண்டவருக்குக் கிடைப்பதில்லை. மைத்ரியில் முப்பது வருடங்களுக்கும் மேலாக விளக்கு எரிவது அந்த இரண்டாவது ரகத்து ஆட்களால்.

வைத்தியமும் அப்படித்தான், உள்ளே இருப்பவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மைத்ரிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி நோவோலசரேவ்ஸ்கயா என்ற ரஷ்ய நிலையம் இருக்கிறது. 1961இல் அங்கிருந்த ஒரே டாக்டர் லியோனித் ரோகசோவ். அவருக்கே குடல்வால் அழற்சி. மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு, கண்ணாடி பிடிக்க ஒருவர், கருவி எடுத்துக்கொடுக்க ஒருவர் என்று வைத்துக்கொண்டு, தன் வயிற்றைத் தானே அறுத்துக் குடல்வாலை எடுத்தார், பிழைத்தார். உதவியவர்கள் டாக்டர்கள் அல்லர். நிலையத்தில் வேறு வேலை பார்த்த சக ஊழியர்கள். எனக்கு அந்தக் கதையில் பெரிதாகப் படுவது அவர்கள்தான்.

மைத்ரியில் மே மாதக் கடைசியில் மறையும் சூரியன் ஜூலைக் கடைசியில்தான் தலைகாட்டும். இடைப்பட்ட இரண்டு மாதமும் இரவு ஷிஃப்ட். தூக்கம் தாறுமாறாகும், அற்ப விஷயத்துக்குக் கோபம் வரும். அதற்குப் பழைய மருந்து நேரம் தவறாத சாப்பாடும், முறைவைத்துச் செய்யும் வேலையும்தான். இருட்டிலும் வானிலை ஆய்வுத் துறைக்காரர்கள் நேரத்துக்கு அளவெடுக்கிறார்கள். காற்றில் பலூனைப் பறக்கவிட்டு ஓசோனை அளக்கிறார்கள். வெளியே பேனா மை உறையும் என்பதால் குறிப்பெடுக்கப் பென்சில். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, மைத்ரிப் பக்கத்துப் பனியாறு ஒன்றின் முனை எவ்வளவு பின்வாங்குகிறது என்பதை 1980களிலிருந்து அளந்துவருகிறது.  இடையில் ஒரு வருடம் விட்டுப்போனால் அந்த வரிசையில் ஓட்டை விழும். அலுப்பூட்டுகிற வேலைதான், ஆனால் நான் மிக உயர்வாக மதிப்பது இதையே.

பாரதியில் இஸ்ரோவின் தரை நிலையமும் உண்டு. துருவத்தைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் அங்கே ஒரே நாளில் பல தடவை தலைக்குமேல் வந்துபோகும். ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களில் தகவலை இறக்கியாக வேண்டும். இந்த வேலைக்காகப் போன மங்களா மணி 2016–17இல் 403 நாட்கள் தங்கினார். குழுவில் அவர் ஒருவரே பெண். நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் செய்த நீர்மூழ்கும் ரோபோவும் 2015இல் மைத்ரியின் பிரியதர்ஷினி ஏரிக்குள் இறங்கியிருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் கட்டுரைகள் அச்சாகின்றன, விஞ்ஞானிகள் பெயர் நிற்கிறது. ஜெனரேட்டரைக் காத்தவரின் லாக் புக் எங்கோ அலமாரியில் போய்விடுகிறது. எந்த வால்வு எந்தக் குளிரில் மக்கர் செய்தது, எப்படிச் சரிசெய்தார்கள் என்பதெல்லாம் தொகுத்து அச்சிட வேண்டிய அறிவு. பழைய மைத்ரிக்குப் பதிலாகப் புது மைத்ரி கட்டத் திட்டமிருக்கிறது. வரைபடம் போடுகிறவர்கள் அந்த லாக் புக்குகளைப் புரட்டினால் நல்லது.

இந்த நிலையங்களை நடத்துவது கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். ஜெனரேட்டர் மெக்கானிக், வண்டி மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், வெல்டர், பிளம்பர், சமையல்காரர் என்று ஒப்பந்த வேலைக்கு அவ்வப்போது ஆள் கேட்டு விளம்பரம் தருகிறார்கள், ஐ.டி.ஐ. படிப்போடு அனுபவம் உள்ளவர்களுக்கும் அதில் இடமுண்டு. தேர்வானவர்களுக்குக் கடுமையான மருத்துவப் பரிசோதனையும், இமயமலையில் உள்ள ஔலியில் பனிப்பயிற்சியும் உண்டு. சிப்காட்டில் டிஜி செட் பார்க்கிற தம்பி, தங்கச்சி யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அந்த மையத்தின் அறிவிப்புகளை ஒரு கண் பார்த்துவையுங்கள்.