பிள்ளை மடுவத்திலிருந்து முதலாம் வகுப்புக்கு: வந்தாறுமூலையில் ஒரு வாரம்

(பெண்கள் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை, பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பேசி முடிக்கும்போது இதுவும் சங்கத்து விசயம்தான் என்று நீங்களே சொல்வீர்கள்.

எங்கள் தோட்டங்களிலிருந்து ஐந்து பேர் மட்டக்களப்பு வந்தாறுமூலைக்குப் போனோம். மூன்று பேர் பிள்ளை மடுவத்தில் வேலை செய்பவர்கள். இரண்டு பேர் கொழுந்து எடுக்கும் தாய்மார். அங்குள்ள ஒரு பாலர் பாடசாலையில் திங்கள் முதல் வெள்ளி வரை பாயில் உட்கார்ந்து பார்த்தோம்.

வந்தாறுமூலை செங்கலடியைத் தாண்டி, வயலும் வாவியும் சூழ்ந்த ஊர். இலவசக் கல்வி வந்த காலத்து மத்திய மகா வித்தியாலயம் இருந்த வளாகத்தில்தான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. 1990இல் அதே வளாகம் அகதி முகாமாக இருந்தது. அந்த வருடம் செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டு செல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. இவ்வளவையும் கண்ட ஊர் இன்றும் காலையில் பிள்ளைகளுக்குத் தலைவாரி, பாலர் பாடசாலைக்கு அனுப்புகிறது.

திங்கட்கிழமை அ, ஆ எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தோம். எழுதவில்லை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று எண்ணினார்கள். பிறகு களிமண் பிசைந்தார்கள், கடதாசி கிழித்தார்கள், நூலில் மணி கோத்தார்கள். "எழுத்து எப்ப ரீச்சர்?" என்று கேட்டோம். "விரல் பழகட்டும் அக்கா. விரலுக்குப் பலம் வந்தா பென்சில் தானா நிக்கும்" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்தி எழுத வைத்தவர்கள் நாங்கள். எழுத்து கோணினால் விரலில் தட்டியவர்களும் நாங்கள்தான். அதை இந்தச் சபையில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை புளியங்கொட்டை, மட்டிச் சிப்பி, குரும்பை எல்லாம் ஒரு சுளகில் வந்தன. பெரியது, சிறியது, வழுவழுப்பு, சொரசொரப்பு என்று பிரித்தார்கள். ஒரு பையன் இருபது வரை கடகடவென்று எண்ணினான். "நாலு சிப்பி தாங்க மனே" என்றதும் கை நிறைய அள்ளிக் கொடுத்தான். ரீச்சர் பிழை என்று சொல்லவில்லை. நாலு பிள்ளைகளை உட்கார வைத்து ஆளுக்கொரு சிப்பி கொடுக்கச் சொன்னார். கொடுத்து முடித்ததும் அவனே "நாலு!" என்று கத்தினான். இலக்கத்தை ஒப்புவிப்பது வேறு, எண்ணத் தெரிவது வேறு. தராசு முள்ளைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெரியாமல் கொழுந்து நிறுத்துப் போன எங்கள் பாட்டிமாரை அப்போது நினைத்தோம். எத்தனை கிலோ எங்கே போனதோ!

புதன்கிழமை முற்றத்தில் மணலும் தண்ணீரும். ஓட்டை போட்ட டின், கடதாசித் தோணி, தேங்காய்ச் சிரட்டை. எது மிதக்கும், எது தாழும் என்று பிள்ளைகள் முதலில் சொல்ல வேண்டும், பிறகு போட்டுப் பார்க்க வேண்டும். முடிந்ததும் கை கழுவி, தாய்மார் முறை வைத்து அவித்துக் கொண்டுவந்த பயறு சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை சந்தை விளையாட்டு. பூவரசம் இலை மீனானது. ஓரா, செப்பலி என்று கூவி விற்றார்கள். ஒரு பெண்பிள்ளை மரக்கட்டையைக் காதில் வைத்து, "அம்மா, எப்ப வருவீங்க?" என்று பேசினாள். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். ரீச்சர் விளையாட்டை நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு இண்டைக்கு என்ன சொல்லப் போறீங்க மகள்?" என்று கேட்டார். "மீன் வாங்கினேன் எண்டு சொல்லப் போறன்" என்றாள். எங்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருடைய பேத்தியும் லயத்தில் அப்படித்தான் வளர்கிறாள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்தார்கள். வயல் வேலைக்காரர், மீன்பிடிக்கும் தகப்பன்மார், அம்மம்மாமார். முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று ரீச்சர் யாரையும் வரிசைப்படுத்தவில்லை. "இந்தக் கிழமை இவர் தானா சேர்ட் பொத்தான் போட்டார்", "இவ புதுப் பிள்ளையோட சேர்ந்து விளையாடினா" என்று ஒவ்வொருவருக்கும் தனியே சொன்னார்.

தோழர்களே, இது வெறும் விளையாட்டுத்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே முதலாம் வகுப்புப் பாடத்தை விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்றாகத்தான் வைத்தது. ஐந்து வயதில் பள்ளிக்கு அனுப்புவது 1998 முதல் கட்டாயம். ஐந்து வயதுக்கு முன்னே என்ன நடக்கிறது? அங்கேதான் எங்கள் பிள்ளை பின்னே நிற்கிறான். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைக்குப் போயின. கொழுந்து எடுக்கும் கை நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் பிள்ளை மடுவம் பிறந்தது. எங்கள் மடுவங்களில் தொட்டில் குழந்தையும் நாலு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில். பால் கொடுத்து, துணி மாற்றி, தூங்க வைக்கவே நேரம் போகிறது. அங்கே வேலை செய்யும் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் எங்கள் தொழிலாளிதான்.

ஆகவே சங்கத்திடம் மூன்று விசயம் கேட்கிறோம். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறையும் பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும். அவருக்கு மாதச் சம்பளமும் சேமலாப நிதியும் வேண்டும். வந்தாறுமூலையில் பார்த்த ரீச்சரின் கொடுப்பனவும் பெரிதல்ல, அந்தக் குறையை இங்கேயும் கொண்டுவரக் கூடாது. மூன்றாவது, பெற்றோர் நாளில் தாய் வந்தால் பேர் வெட்டக் கூடாது. அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு இவற்றையும் மேசையில் வையுங்கள்.

எங்களால் இன்றே முடிவதும் உண்டு. புளியங்கொட்டைக்குத் துரையிடம் அனுமதி வேண்டாம். மண்ணுக்கும் தண்ணீருக்கும் காசு வேண்டாம். தம்பியைப் பார்க்க அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதை நிறுத்துவோம். வேலை முடிந்து வந்ததும், "இன்னைக்கு என்ன செஞ்ச?" என்று பிள்ளையைக் கேட்போம். பதில் சொல்லி முடிக்கும்வரை கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம்.

வரும் திங்கட்கிழமை எங்கள் மூன்று மடுவங்களிலும் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். நேரம் கிடைப்பவர்கள் வந்து பாருங்கள்.