கடாரமும் கரும்பலகையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மலேசியாவின் கெடா மாநிலத்திற்குத் தமிழாசிரியர் குழுவுடன் நான் மேற்கொண்ட கல்விப் பயணம் குறித்துப் பேசுமாறு வட்டத்தினர் பணித்தனர். பயணம் சென்று மீண்டோர் கண்ட காட்சிகளை வரிசைப்படுத்திக் கூறுவது வழக்கம். நானோ ஒரு வினாவை மட்டும் உங்கள்முன் வைக்க விழைகின்றேன். கடல்கடந்த மண்ணில் தமிழை நிலைநிறுத்தியது எது? வேந்தரின் வாளா? எளியோரின் பள்ளியா?

நம் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இன்றைய கெடாவே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. பட்டினப்பாலை சுட்டும் காழகத்தைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் கொள்கின்றார். முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடற்படை அனுப்பி அதனை வென்றான். 'கடாரங்கொண்டான்' எனப் பெயர் பெற்றான். எங்கள் குழுவினர் அனைவரும் அந்தப் பெருமிதத்துடனேயே விமானம் ஏறினர்.

ஜெராய் மலையின் அடிவாரத்தில், மெர்போக் என்னும் ஊரருகே உள்ளது பூஜாங் பள்ளத்தாக்கு. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் அங்கு அகழ்ந்து, கோயில்கள் பலவற்றின் அடித்தளங்களை வெளிப்படுத்தினார். இந்து சமயச் சின்னங்களும் பௌத்தச் சின்னங்களும் அங்கு அடுத்தடுத்துக் கிடைத்துள்ளன. சுங்கை பத்து என்னுமிடத்தில் 2009 முதல் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. ஆகவே அது படை சென்ற மண் மட்டுமன்று. அதற்கு முன்பே வணிகம் தழைத்த மண். கடார வேந்தன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதை இலெய்டன் செப்பேடு உரைக்கின்றது. வென்றதை நினைவில் வைத்த நாம், இந்த உறவை மறந்துவிட்டோம்.

கல்லும் நிலையன்று. அப்பள்ளத்தாக்கின் தொன்மையான கட்டட எச்சம் ஒன்று நில மேம்பாட்டுப் பணிக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளியாகி, மலேசிய மக்களையே வருந்தச் செய்தது.

இன்று அப்பகுதியில் ஒலிக்கும் தமிழ் சோழர் விட்டுச்சென்றதன்று. பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணிகள் வழியாகவும் சென்ற ஏழை மக்கள் கொண்டுசென்ற தமிழ் அது. அந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக, 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பைக் குறிப்பிடுவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தாய், லயத்தில் விட்டுச்சென்ற பிள்ளைக்கு எழுத்தறிவித்தவை இந்தத் தோட்டப் பள்ளிகளே.

நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 530. இணைக்கப்பட்டவை சில, இடம் மாறியவை சில, மூடப்பட்டவை சில. ஆயினும் எஞ்சியவற்றில் ஆறாம் ஆண்டு வரை தமிழே பயிற்றுமொழி. கணக்கையும் தமிழில் கற்கின்றனர்.

சுங்கைப் பட்டாணியை அடுத்த ஒரு தோட்டப்புறப் பள்ளிக்குச் சென்றோம். ஒரு வகுப்பில் பதினொரு பிள்ளைகள். ஆசிரியை ஒளிச்சேர்க்கையைத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். பாடம் முடிந்ததும் எங்களிடம் ஏதேனும் கேட்குமாறு பிள்ளைகளை ஊக்கினார். ஒரு சிறுமி எழுந்தாள். "டீச்சர், தமிழ்நாட்டுல எல்லாப் பிள்ளைங்களும் தமிழ்ப்பள்ளிக்குத்தான் போவாங்களா?" என்று கேட்டாள்.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. எங்களுள் மூத்த தலைமையாசிரியர் ஒருவரே பிறகு, "போகிறவர்களும் இருக்கிறார்கள், அம்மா" என்றார்.

அவையோரே, அச்சிறுமியின் வினாவை எண்ணிப் பாருங்கள். தமிழைப் படியாமலே பள்ளிப்படிப்பை முடிக்கலாம் என்னும் நிலையை மாற்றத் தாய்த்தமிழகத்திற்கே 2006இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. கடாரத்திலோ, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதா வேண்டாவா என்பது ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு பெற்றோரும் தாமே எடுக்கும் முடிவு. அம்முடிவின் மீதுதான் அங்குத் தமிழ் நிற்கின்றது.

கல்விப் பயணம் என்பது நம் பெருமையைப் பிற நாட்டில் தேடிக் காண்பதன்று. பிறர் நிலையில் நம் கடமையைக் கண்டுகொள்வது. இனிச் செல்லும் ஆசிரியர் குழுக்கள் கோயில் அடித்தளங்களைக் காண ஒரு நாளை ஒதுக்கினால், வகுப்பறைகளில் அமர இரு நாள்களை ஒதுக்கட்டும். நூல்களைக் கொடுத்துவிட்டு வருவதோடு நில்லாமல், அறிவியலைத் தமிழில் எவ்வாறு கற்பிக்கின்றனர் என்பதைக் கேட்டுக் கற்று வரட்டும்.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கடாரம் வென்றவனைப் பாடிய பாடல்கள் நம்மிடம் நிறைய உண்டு. கடாரத்தில் பதினொரு பிள்ளைகளுக்காகக் கரும்பலகைமுன் நாள்தோறும் நிற்கும் ஆசிரியையையும் பாடுங்கள். அடுத்த பத்தாண்டு மலரில் அப்பாடல் இடம்பெறட்டும்.