ஓர் அபூர்வ வியாதியின் சரித்திரம்



பரம்பரையாக வரும் அபூர்வ வியாதிகளைக் குறித்து அண்மைக் காலத்தில் நடந்திருக்கும் ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த வாசகசாலைச் சங்கத்தின் காரியதரிசி என்னைக் கேட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட வியாதிகள் பல ஆயிரம் உண்டு. அவற்றின் பெயர்களை மட்டும் வரிசையாக வாசித்தாலே இந்தச் சபை கலைந்துவிடும். ஆகையால் ஆயிரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் சரித்திரத்தை ஆதியிலிருந்து சொல்லி, அது நம் மாகாணத்துக்குள்ளேயே எங்கே வந்து நிற்கிறது என்று காட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று எண்ணுகிறேன். அந்த வியாதிக்கு அல்காப்டோனூரியா என்று பெயர். பெயரை மறந்தாலும் பாதகமில்லை. அடையாளத்தை மறக்க வேண்டாம்.

அடையாளம் இதுதான். பிறந்த குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, நன்றாகத் தூங்குகிறது, எடையும் ஏறுகிறது. ஆனால் அது நனைத்த துணியைச் சற்று நேரம் காற்றில் போட்டுவைத்தால், மஞ்சளாக இருக்க வேண்டிய இடம் பழுப்பாகிப் பின்பு கறுத்துப் போகிறது. பெற்றவள் அதைச் சோப்புப் போட்டுக் கசக்குகிறாள். கறை போவதற்குப் பதிலாக, சோப்பிலுள்ள காரம் பட்டு இன்னும் அதிகமாகக் கறுக்கிறது. அவள் பயந்துபோய் வைத்தியரிடம் ஓடினால், குழந்தையின் உடம்பில் ஒரு கோளாறும் காணாத வைத்தியர், ‘ஒன்றுமில்லை அம்மா, போய் வாருங்கள்’ என்று அனுப்பிவிடுகிறார். பிறகு துணி கட்டும் பருவம் போய்விடுகிறது; தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் கழிப்பறையில் சிறுநீர் கறுப்பதற்கு அவகாசமே கிடைப்பதில்லை; முப்பது வருஷம் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். முப்பதைத் தாண்டிய பிறகு முதுகெலும்பில் நோவு தொடங்குகிறது. இடுப்பும் முழங்காலும் ஐம்பது வயதில் எண்பது வயதுக் கிழவருடையவை போலாகின்றன. காது மடலில் நீலம் பாரிக்கிறது. கண்ணின் வெள்ளை விழியில் பழுப்புத் திட்டுக்கள் தோன்றுகின்றன. கடைசியில் முழங்காலை மாற்றுவதற்காகக் கத்தி வைக்கிற சத்திர வைத்தியர், முத்துப்போல் வெளுத்திருக்க வேண்டிய குருத்தெலும்பு கரியைப்போல் கறுத்திருப்பதைக் கண்டு திகைக்கிறார். அப்போதுதான் பல பேருக்கு வியாதியின் பெயரே தெரியவருகிறது.

இந்த வியாதியை உலகப் பிரசித்தமாக்கியவர் ஆர்ச்சிபால்ட் காரட் என்ற ஆங்கிலேய வைத்தியர். லண்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பணி செய்துகொண்டிருந்த அவரிடம், சென்ற நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில், கறுத்த துணியோடு ஒரு குழந்தை வந்து சேர்ந்தது. குடலில் குடியேறிய ஏதோ ஒரு கிருமியின் வேலை இது என்பதே அக்கால வித்வான்களின் அபிப்பிராயம். காரட்டுக்கு அதில் திருப்தி இல்லை. 1901-ம் ஆண்டில் அதே குடும்பத்தில் இன்னொரு குழந்தை பிறக்கப் போகிறது என்று அறிந்த அவர், பிறந்த நேரத்திலிருந்து துணிகளை ஒன்று விடாமல் கவனிக்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லி வைத்தார். இரண்டு மூன்று நாட்களுக்குள்ளாகவே கறை கண்டுவிட்டது. வெளியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் நோயாக இருந்தால் அவ்வளவு சீக்கிரத்தில், அதுவும் அந்த ஒரு வீட்டுக் குழந்தைகளையே தேடிப் பிடித்து வருமா? விசாரித்துப் பார்த்ததில், குழந்தையின் தாயும் தந்தையும் அக்காள் தங்கை மக்கள் என்று தெரிந்தது. மற்ற நோயாளிகளின் குடும்பங்களைத் துருவியபோது, அங்கும் கணிசமான இடங்களில் பெற்றோர் நெருங்கிய இரத்த சம்பந்தம் உடையவர்களாகவே இருந்தார்கள். ஆனால் அந்தப் பெற்றோருக்கு வியாதி இல்லை.

இந்த இடத்தில்தான் அதிர்ஷ்டம் துணை நின்றது என்று சொல்ல வேண்டும். பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் என்ற பாதிரியார் 1866-ல் எழுதி வெளியிட்டு, எவரும் சீந்தாமல் கிடந்த பரம்பரை விதிகள் 1900-ம் ஆண்டில்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்திருந்தன. அவற்றை இங்கிலாந்தில் பரப்பிக்கொண்டிருந்த பேட்ஸன் என்ற விஞ்ஞானி, காரட் கண்டது அந்த விதிக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது என்று எடுத்துக் காட்டினார். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால்தான் வியாதி. ஒன்று மட்டும் பழுதானால் அந்த மனிதர் ஆரோக்கியமாகவே வாழ்ந்து, அதைத் தாம் சுமப்பதே அறியாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அப்படிச் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். 1902-ல் காரட் எழுதிய கட்டுரையே மனித வியாதி ஒன்றுக்கு மெண்டலின் விதியைப் பொருத்திக் காட்டிய முதல் சாசனம். தாம் ஆராய்ந்த வியாதிக்கு அவரால் ஒரு வேளை மருந்துகூடக் கொடுக்க முடியவில்லை. ஆயினும் வைத்திய உலகில் மருந்து கண்டவர்கள் அநேகரை விட அவரை நான் மேலாக மதிக்கிறேன்.

மாமன் மகளையும் அத்தை மகனையும் உரிமை சொல்லி மணம் முடிக்கும் வழக்கமுள்ள நமக்கு, காரட்டின் கட்டுரை அந்நிய தேசத்துச் செய்தி அல்ல. அதற்காக உறவில் மணம் செய்துகொண்டவர்கள் எல்லாம் இன்றிரவு தூக்கமின்றிப் புரள வேண்டியதில்லை. பெரும்பாலான குடும்பங்களில் ஒரு குறையும் வருவதில்லை. வந்த குடும்பத்திலோ, அது தாயின் குற்றமும் அன்று, மருமகள் கொண்டுவந்த தோஷமும் அன்று, பூர்வ ஜன்ம வினையும் அன்று. இரு பக்கமும் சரிபாதியாக வந்த சொத்து. பிள்ளைக்கு வியாதி என்றவுடன் பெண்ணைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுகிற புண்ணியவான்கள் இந்தச் சரிபாதிக் கணக்கை முதலில் படிக்க வேண்டும்.

உடம்புக்குள் நடப்பது என்ன? நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் மாமிசத்திலும் உள்ள புரதத்தின் ஓர் அம்சமான டைரோசின், ஈரலில் படிப்படியாக உருமாறி, கடைசியில் சக்தியாகச் செலவாகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. ஏரிக்குப் போகும் வாய்க்காலில் மதகுக்கு மதகு தண்ணீர் இறங்கிப் போவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்காப்டோனூரியாக்காரருக்கு ஒரு மதகு பிறவியிலேயே திறப்பதில்லை. ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற பொருள் அந்த இடத்தில் தேங்கி, பெரும்பகுதி சிறுநீரில் வழிந்து போக, எஞ்சியது வருஷக்கணக்கில் மூட்டுக்களில் படிந்து கறுத்து அவற்றை நொறுங்கச் செய்கிறது. அந்த நொதி நோயாளிகளின் ஈரலில் இல்லை என்பதை அமெரிக்காவில் 1958-ல் நிரூபித்தார்கள். அதற்குரிய மரபணுவை 1996-ல் ஸ்பெயின் தேசத்தார் கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. மாட்ரிட் நகரில் ஒரு கூட்டத்தார் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சக்காளானை வளர்த்து, அது இதே அமிலத்தை எப்படிச் செரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூஞ்சக்காளானின் மரபணு கையில் அகப்பட்டது. அதைத் துப்பாக வைத்துக்கொண்டு தேடியபோது, மனிதனின் மூன்றாவது குரோமோசோமில் அதன் சகோதரம் அகப்பட்டது. பூஞ்சக்காளானை ஆராய்வதற்குச் சர்க்கார் பணம் எதற்கு என்று கேட்கும் சட்டசபை அங்கத்தினர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு; அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

மருந்து வந்த கதையோ இதைவிட விசித்திரம். நம் மலைவாசஸ்தலங்களின் பூங்காக்களிலும் பார்த்திருப்பீர்கள், சிவப்புப் பூ குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும் பாட்டில் பிரஷ் மரம். கலிபோர்னியாவில் பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த விஞ்ஞானி ஒருவர், 1977-ல், அந்த மரத்தடியில் மட்டும் களை முளைப்பதில்லை என்பதைக் கவனித்தார். மரம் சுரக்கும் ஒரு சத்தே களைகளைக் கொல்கிறது என்று அறிந்து, அதைப்போலவே பல களைக்கொல்லிகளைச் செயற்கையாகச் செய்தார்கள். அவற்றுள் ஒன்றை எலிகளுக்குக் கொடுத்துப் பரீட்சித்தபோது, இரத்தத்தில் டைரோசின் ஏறி, கண்மணி மங்கியது. காரணம் தேடியதில், நான் சொன்ன வாய்க்காலில், பழுதான மதகுக்கு ஒரு படி மேலே இருக்கும் மதகை அது அடைத்துவிடுகிறது என்று தெரிந்தது. கம்பெனிக்கு அது ஒரு தொல்லை. ஸ்வீடன் தேசத்தில் கோத்தன்பர்க் நகரத்து வைத்தியரான ஸ்வென் லின்ட்ஸ்டெட்டுக்கோ அது வரப்பிரசாதமாகத் தோன்றியது. அவர் கையில் அதே வாய்க்காலில் இன்னும் கீழே வேறொரு மதகு பழுதாகி, ஈரல் வெந்து மடியும் சிசுக்கள் இருந்தன. விஷமாகத் தேங்குகிற பொருளை உண்டாகவே விடாமல் மேலேயே அடைத்துவிட்டால் என்ன? 1991-ல் ஒரு குழந்தைக்குக் கொடுத்தார், பிழைத்தது. ஈரலையே மாற்றினாலொழிய வழியில்லை என்று கைவிடப்பட்டிருந்த அந்த வியாதிக்கு நிடிசினோன் என்ற இந்தக் களைக்கொல்லியே இன்று மருந்து.

அதே மருந்தை அல்காப்டோனூரியாவுக்கும் கொடுக்கலாமே என்று அப்போதே எவருக்கும் தோன்றும். தோன்றியது, ஆனால் நிரூபிக்கத்தான் முப்பது வருஷம் பிடித்தது. அமெரிக்காவில் நாற்பது பேரை வைத்துச் செய்த முதல் பரீட்சையில், அமிலம் வெகுவாகக் குறைந்தும், இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்ற ஒற்றை அளவுகோலில் மூன்று வருஷத்தில் வித்தியாசம் காட்ட முடியாமல் போயிற்று. ஐம்பது வருஷமாக மெல்ல மெல்ல அரிக்கும் வியாதியை மூன்று வருஷத்தில், ஒரே மூட்டில் அளந்தால் வேறென்ன கிடைக்கும்? அவ்வளவோடு விஷயம் முடிந்திருக்கும். லிவர்பூல் நகரில் ஒரு நோயாளியும், லட்சுமிநாராயண் ரங்கநாத் என்ற இரசாயன வைத்தியப் பேராசிரியரும் சேர்ந்து 2003-ல் நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சங்கத்தார் விடவில்லை. தேசம் தேசமாக நோயாளிகளைத் தேடி, ஐரோப்பிய சர்க்காரின் பணத்தைப் பெற்று, லிவர்பூல், பாரிஸ், ஸ்லோவாக்கியாவில் பியெஷ்தனி ஆகிய மூன்று இடங்களில் 138 பேரை வைத்து நான்கு வருஷம் பரீட்சை நடத்தினார்கள். பாதிப் பேருக்கு நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம் நிடிசினோன், மறுபாதிக்கு இல்லை. மருந்து உண்டவர்களின் சிறுநீரில் அமிலம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் குறைந்தது. மூட்டு, முதுகு, கண், காது எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டதில் வியாதியின் வேகமும் தணிந்தது. 2020-ல் முடிவு வெளியாயிற்று. அதே ஆண்டில் ஐரோப்பாவில் அனுமதியும் கிடைத்தது. காரட்டின் கட்டுரைக்கும் இந்த அனுமதிக்கும் நடுவே 118 வருஷங்கள்.

பத்திரிகைகள் இப்படிப்பட்ட செய்தி வந்தால் ‘அதிசய மருந்து’ என்று தலைப்புப் போடுகின்றன. அதிசயம் ஒன்றுமில்லை. முன்பே கறுத்த குருத்தெலும்பை இம்மருந்து வெளுக்கச் செய்யாது. மேல் மதகை அடைத்ததால் டைரோசின் தேங்குகிறது; எலிகளுக்கு நேர்ந்தது போலவே சிலருக்குக் கண்ணில் உறுத்தலும் கூச்சமும் உண்டாகின்றன; அதனால் புரத உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டு, வைத்தியர் கண்காணிப்பிலேயே மருந்தை உண்ண வேண்டும்.

மதகை அடைப்பதை விட்டு, மதகையே செப்பனிடும் காலமும் வந்துவிட்டது. பிலடெல்பியா நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், இரத்தத்தில் அம்மோனியா ஏறிச் சாகும்படியான வேறொரு பிறவிக் குறையோடு பிறந்த ஒரு சிசுவுக்கு, அதன் மரபணுவில் இருந்த பிழையை மட்டுமே திருத்துவதற்கென்று ஒரு மருந்தை ஆறே மாதத்தில் செய்து, 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் செலுத்தினார்கள். குழந்தை முன்னைவிட அதிகப் புரதம் உண்டு வளர்ந்தது. ஒரே ஒரு குழந்தைக்காக ஒரு மருந்து! அதற்கான செலவை எண்ணினால் நம் போன்ற தேசத்தார் பெருமூச்சு விடலாம். ஆனால் நம் முன்னால் இப்போது நிற்கும் காரியம் அவ்வளவு செலவுடையதன்று.

உலகத்தில் இரண்டரை லட்சம் முதல் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்று கணக்கிடப்படும் இந்த அல்காப்டோனூரியா, ஸ்லோவாக்கியாவில் பத்தொன்பதாயிரத்தில் ஒருவருக்கு வருகிறது. மலைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்து வாழ்ந்ததே காரணம் என்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலோ, நரிக்குறவர் குடியிருப்பு ஒன்றில் 41 பேரைச் சோதித்ததில் 16 பேருக்கு இந்த வியாதி இருந்தது என்று 2014-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. பதினாறு பேரிடமும் ஒரே பிழை. என்றோ ஒரு முன்னோரிடம் தோன்றியது, சிறிய சமூகத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. திருவிழாவுக்குத் திருவிழா பாசிமணி கோத்து விற்கும் அந்த மக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பஸ் நிலையத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தை விட்டு விலகி நடந்தும் இருக்கிறோம். நாள் முழுதும் தரையில் குந்தி உட்கார்ந்து மணி கோப்பவர்களுக்கு முதுகும் முழங்காலும் போனால் பிழைப்பே போயிற்று என்பதை எத்தனை பேர் நினைத்தோம்?

உலகம் அபூர்வம் என்கிற வியாதி அந்தக் குடியிருப்பில் அபூர்வம் அன்று. இதைக் கண்டுபிடிப்பதற்கு இலட்சக்கணக்கில் பெறும் யந்திரம் முதலில் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிக் குழாயில் சிறுநீரை எடுத்துச் சிறிது காரம் சேர்த்தால் கறுக்கிறதா என்று பார்த்து, கறுத்தவற்றை மட்டும் பெரிய பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினால் போதும். 2021-ல் மத்திய சர்க்கார் அபூர்வ வியாதிகளுக்கென்று ஒரு தேசியக் கொள்கை வகுத்திருக்கிறது. நரிக்குறவர் சமூகமும் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. காகிதத்தில் இவ்விரண்டும் இருக்கின்றன. குடியிருப்புக்குப் போகும் வைத்தியர்தான் இன்னும் வேண்டும்.

ஆகையால் இச்சபையின் வாயிலாக இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். நம் ஜில்லாவிலுள்ள ஒவ்வொரு நரிக்குறவர் குடியிருப்புக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தார் சென்று, அந்த மக்களின் சம்மதத்தோடும் அவர்கள் மொழி தெரிந்தவர்களின் துணையோடும் இந்தச் சோதனையைச் செய்து, வியாதி கண்டவர்களுக்கு நிடிசினோன் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று சர்க்காருக்குத் தீர்மானம் அனுப்புங்கள். தலைவர் அவர்கள் இன்றே அதை முன்மொழிய வேண்டும். மற்றொன்று, இங்கே வந்திருக்கும் வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும்: குழந்தையின் துணி கறுக்கிறது என்று ஒரு தாய் வந்து சொன்னால், ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடாதீர்கள், அந்தத் துணியைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.