பக்கத்தில் நின்றவர் யார்?

(புதுச்சத்திரம் ஜெபக்கூட்டத்தில் நமது ஆஸ்பத்திரி சாப்ளின் ஐயர் கொடுத்த செய்தி)



அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேவித்தார். 1944 பிப்ரவரி 24-ம் தேதி, இத்தாலி தேசத்து மிக்னானோவில், கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து மரித்தார். ஜார்ஜ் கிராஸ் விருது அவர் மரித்தபின்பே வந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்திய இராணுவத்தில் மாண்டவர்கள் சுமார் 87,000 பேர். அநேகருக்கு விருதுமில்லை.

பக்கத்தில் நின்றவர் என்ன ஜாதி, என்ன மதம் என்று கேட்க அவருக்கு நேரமில்லை. யோவான் 15:13-ல் ஆண்டவர் சொன்ன அன்பு, நமது சபைக்கு வெளியேயும் விளங்கிற்றே!

நமக்கோ கேட்க நேரமுண்டு. "நம்முடைய காணிக்கை, நம்முடைய ஜனங்களுக்குத்தானே முதலில்?" என்று சிலர் கேட்கிறீர்கள். உங்கள் காணிக்கையால் போட்ட கட்டிலில் படுத்திருப்பவர் யாரென்று நாங்கள் கேட்பதில்லை. இனியும் கேளாதிருக்க எங்களுக்காக ஜெபியுங்கள்.