ஏர்கோன் நின்றால் எங்கே பார்ப்பது?

காலையில் குளிர்ந்த காரின் ஏர்கோன் நண்பகலில் நின்றுவிடுகிறது. பட்டறையில், ‘கம்ப்ரசரையே மாற்ற வேண்டும்’ என்கிறார்கள். பணத்தை எடுக்குமுன் நாம் சற்றுப் பொறுப்போம்.

பல கார்களில் கம்ப்ரசரின் முகப்பில் கிளட்ச் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் மின்சுருள் காந்தமாகி, முன்தகட்டை இழுத்து, சுழலும் கப்பியோடு ஒட்டவைக்கும். அப்போது ‘டக்’கென்று ஒலி கேட்கும். கேட்காவிட்டால், சுருளுக்கு 12 வோல்ட் மின்சாரம் வருகிறதா என்று சோதிப்போம். வரவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, அழுத்த சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வாயு குறைந்தாலும் அந்தச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும்; அது ஒரு காவல். அதை மீறி நேரே கம்பி கொடுத்து ஓட்டினால், எண்ணெய் சரிவரச் சுற்றாமல் கம்ப்ரசரே இறுகிவிடக்கூடும்.

மின்சாரம் வந்தும் தகடு ஒட்டவில்லையா? இஞ்சினை நிறுத்திவிட்டு, தகட்டுக்கும் கப்பிக்கும் உள்ள இடைவெளியை அளப்போம். அது சுமார் அரை மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். தேய்மானத்தால் அகன்றுவிட்டால், சூட்டில் வலுக்குறைந்த காந்தத்தால் தகட்டை இழுக்க முடியாது. நண்பகலில் நிற்பதன் காரணம் இதுவாக இருக்கலாம். தகட்டுக்குப் பின்னுள்ள ‘ஷிம்’ என்னும் மெல்லிய வளையம் ஒன்றை எடுத்தால் இடைவெளி குறையும். சுருள் அறுந்திருந்தால், பெரும்பாலும் அதை மட்டும் மாற்றலாம்.

காரணம் அறிந்து கைவைப்போம், கைப்பொருளும் மிஞ்சும்.