மணிமேகலையின் மூன்றாவது மந்திரம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத்திலே மனிதர் பறந்த கதைகளையும், பறந்து சென்று சேர அவர்கள் ஏங்கிய பொன்னுலகத்தையும் பற்றி இன்று உங்களுடன் சிறிது நேரம் உரையாட விழைகின்றேன். இந்தப் பொருளை எனக்கு எடுத்துத் தந்தவன் ஒரு மாணவன். அது 2022ஆம் ஆண்டு. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம். கடவுச்சீட்டுக்கும் வரிசை நீண்டிருந்தது. உயர்தர வகுப்பில் மணிமேகலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அருளியது என்றேன். வேற்றுருக் கொள்ளும் மந்திரம் ஒன்று. வான்வழியே செல்லும் மந்திரம் ஒன்று. பசி தீர்க்கும் மந்திரம் ஒன்று. கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"சேர், எனக்கு முதல் ரெண்டும் காணும். மூண்டாவதை நீங்களே வைச்சிருங்கோ."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வேற்றுரு மந்திரம் கடவுச்சீட்டுக்கு, வான்வழி மந்திரம் விமானத்துக்கு என்று அவனுடைய நண்பன் உரை விளக்கமும் சொன்னான். ஆனால் அன்று மாலை சைக்கிளில் வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன மறுமொழி சொல்லியிருக்க வேண்டும்? இவ்வுரை அந்த மறுமொழியைத் தேடிய ஒரு முயற்சி எனக் கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலே எண்பதுகளின் தொடக்கத்தில் பிறந்தவன் நான். வானத்தில் பறப்பது என்றால் மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்குப் பறவையும் பட்டமும் நினைவுக்கு வரும். எங்களுக்குப் பொம்பர்தான் நினைவுக்கு வரும். இரைச்சல் கேட்டால் அண்ணாந்து பார்ப்போம். மறுகணம் பங்கருக்குள் இறங்குவோம். மேலே பறப்பவர் ஒருவர் இருந்தால் கீழே மண்ணுக்குள் போவோர் பலர் என்பதுதான் நாங்கள் கற்ற முதற்பாடம். ஆகவே புஷ்பக விமானம், மயிற்பொறி, வான்வழிச் செலவு என்றெல்லாம் படிக்கும்போது எனக்கு வியப்பு வருவதில்லை. "ஏன் பறக்கிறார்கள்? எங்கே போய் இறங்குகிறார்கள்?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

இந்தக் கேள்விகளோடு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. பேரிலக்கியங்களிலே பறப்பவர் பெரும்பாலும் இன்பத்துக்காகப் பறப்பதில்லை; தப்புவதற்காகவே பறக்கின்றனர். கிரேக்கத்துத் தச்சன் டெடலஸ் கிரீட் தீவிலே அடைபட்டுக் கிடந்தான். நிலமும் கடலும் மன்னன் மைனோசின் கையில் இருந்தன. வானம் ஒன்றே திறந்திருந்தது. பிறந்த மண்ணின் ஏக்கமே அவனை இறகும் மெழுகும் கொண்டு சிறகு செய்யத் தூண்டியது என உரோமக் கவிஞர் ஒவிட் பாடுகின்றார். மகன் இக்காரஸ் சூரியனை அணுகி, மெழுகு உருகிக் கடலில் வீழ்ந்த கதையை யாவரும் அறிவர். ஆனால் அந்தத் தகப்பன் பறந்தது பொன்னுலகைத் தேடியல்ல, வீட்டைத் தேடி என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

நமது சீவகசிந்தாமணிக்கு வருவோம். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் தன் தேவி விசயையின் மீது கொண்ட காதலிலே மூழ்கி, ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்தான். வினை வந்தபோது அவனால் செய்யமுடிந்தது ஒன்றுதான். நிறைமாதக் கர்ப்பிணியான தேவியை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பினான். அந்த மயில் எங்கே இறங்கியது? கட்டியங்காரனின் வெற்றி முரசம் காதில் விழ, தேவி மயங்கினாள். மயில் அந்நகரத்துச் சுடுகாட்டிலேயே இறங்கியது. நள்ளிரவில், பிணங்களின் நடுவே, சீவகன் பிறந்தான். இறந்த தன் குழந்தையோடு அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் அந்த உயிருள்ள குழந்தையை எடுத்துச் சென்றான். தமிழ்க் காப்பியங்களில் மிகப் புகழ்பெற்ற பறக்கும் பொறி, தன்னில் ஏறியவளை ஊரெல்லையைக்கூடத் தாண்ட விடவில்லை. திருத்தக்கதேவர் இங்கே நமக்கு ஏதோ சொல்கிறார் அல்லவா?

இனி மணிமேகலை. 1898இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட இக்காப்பியத்தைச் சமய நூல் என்று ஒதுக்குவோர் உளர். நான் சைவன். ஆயினும் பசியைப் பற்றி இதனளவுக்குப் பேசிய வேறொரு பழந்தமிழ்க் காப்பியத்தை நான் அறியேன்.

மணிமேகலையின் முதற் பறப்பு அவள் விரும்பியதல்ல. அரசிளங்குமரன் உதயகுமரன் துரத்த, உவவனத்திலே பளிக்கறைக்குள் ஒளிந்தாள். அன்றிரவு, உறக்கத்திலே, தெய்வம் அவளை எடுத்துச் சென்று முப்பது யோசனைக்கு அப்பாலுள்ள மணிபல்லவத் தீவிலே வைத்தது. இத்தீவை நயினாதீவு என்று கொள்வாரும் உண்டு. கண்விழித்தவள் கண்டது அழகிய கடற்கரை. ஆனால் அவள் என்ன செய்தாள்? தோழி சுதமதியைக் கூவித் தேடினாள். கொலையுண்ட தந்தை கோவலனை நினைத்து அழுதாள். பாதுகாப்பான இடத்திலே கண்விழித்து, தனக்குரியோர் எவரும் அருகில் இல்லையென்று அழும் அந்தப் பெண்ணை எங்கள் மக்கள் நன்கறிவர். எத்தனையோ வீடுகளிலே, முதல்நாள் தொலைபேசி அழைப்பிலே, கடல் கடந்து அந்த அழுகை கேட்டிருக்கிறது.

அதன் பின்னரே மந்திரங்கள் வருகின்றன. இங்கே சாத்தனார் ஒரு சிறு நாடகம் நிகழ்த்துகின்றார். வேற்றுரு மந்திரத்தையும் வான்வழி மந்திரத்தையும் சொல்லிக்கொடுத்த தெய்வம், விடைபெற்று மேலே எழுந்துவிட்டது. எழுந்தபின் எதையோ மறந்துவிட்டதாக நினைவு வர, மறுபடியும் கீழே இறங்கி வருகின்றது. மனித உடம்பு உணவாலானது என்று கூறிப் பசி தீர்க்கும் மந்திரத்தையும் தந்து செல்கின்றது. தெய்வத்துக்கும் மறதி உண்டா? மூன்றையும் ஒருங்கே தந்திருந்தால் நாம் கவனித்திருக்கமாட்டோம். வானில் எழுந்தவள் மீண்டும் மண்ணுக்கு இறங்கியது பசிக்காக. மேலே இருப்பவர்க்கு எளிதில் மறந்துபோவது பசிதான் என்பதையும் இது உணர்த்துகின்றது எனலாம்.

இதன் மறுபக்கமாகவே காயசண்டிகையின் கதை அமைகின்றது. அவள் வடமலைப் பக்கத்து விஞ்சையர் மகள். பறப்பது அவளுக்குப் பிறவிக் கலை. கணவன் காஞ்சனனோடு பொதியமலைக்கு வந்தவள், ஆற்றங்கரையில் கிடந்த ஒரு நாவற்கனியை மிதித்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கனி தரும் மரம் அது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் முனிவருடைய உணவு அது. முனிவர் சபித்தார். சாபம் என்ன தெரியுமா? யானைத்தீ என்னும் தீராப்பசி. கூடவே, பறக்கும் மந்திரத்தை அவள் மறந்துபோவாள். மற்றவருடைய உணவை மிதித்தவள் பசியை அறிகிறாள். பசித்தவளுக்குச் சிறகு இல்லாமற் போகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் புகார் நகரத்துத் தெருக்களிலே உண்டும் உண்டும் பசியாறாது அலைந்தாள். மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட அன்னத்தால் பசி அடங்கியது. உடனே அவள் செய்தது ஊருக்குப் பறந்ததுதான். ஆனால் போய்ச் சேரவில்லை. விந்தமலையை வலங்கொள்ளாது மேலாகப் பறந்தவளை, அம்மலையைக் காத்துநின்ற விந்தாகடிகை தன் வயிற்றுக்குள் ஈர்த்துக்கொண்டாள். காடுகளிலும் கடல்களிலும் இடைவழியிலே காணாமற் போன எங்கள் பிள்ளைகளை எண்ணாமல் இப்பகுதியை என்னால் கற்பிக்க முடிவதில்லை.

இவ்வளவும் சொன்னதனால், "பறக்காதே, இருந்த இடத்திலே இரு" என்று காப்பியம் போதிப்பதாக எண்ணிவிடாதீர்கள். மணிமேகலையும் அந்த மந்திரத்தைப் பயன்படுத்துகிறாள். பாத்திரத்தோடு வான்வழியே புகாருக்குத் திரும்புகிறாள். காயசண்டிகையின் உருவம் தாங்கிச் சிறைக்கோட்டத்துள் நுழைந்து கைதிகளுக்குச் சோறிடுகிறாள். அரசனிடம் கேட்டு அச்சிறையையே அறக்கோட்டமாக்குகிறாள். ஆக, என் மாணவன் கேட்ட முதலிரு மந்திரங்களும் மூன்றாவதற்குத் துணையாக வந்தபோதுதான் பொருள் பெற்றன.

அப்படியானால் பொன்னுலகம்? அதற்குச் சாத்தனார் ஆபுத்திரன் வாயிலாக மறுமொழி தருகின்றார். பஞ்ச காலத்தில் மதுரையிலே அமுதசுரபியோடு இருந்து ஏழைகளுக்கு உணவளித்தவன் ஆபுத்திரன். அவனுடைய அறத்தால் இந்திரனின் ஆசனம் அசைந்தது. முதிய அந்தணனாக வந்த இந்திரன், வேண்டியதைக் கேள் என்றான். ஆபுத்திரன் விலா எலும்பு நோகச் சிரித்தான். உங்கள் உலகத்திலே இங்கு செய்ததன் பயனை அனுபவித்திருப்போர் உண்டு. அறஞ்செய்வோர் உண்டா, துன்பப்படுவோரைக் காப்போர் உண்டா, பசித்தவர் முகத்தில் மகிழ்ச்சியைக் காட்டும் இந்தப் பாத்திரத்தை விட நீ எனக்கு எதைத் தரப்போகிறாய் என்பது அவன் பேச்சின் சாரம். வானுலகத்தை மறுத்தவர் தமிழிலே வேறு பலரும் உளர். அதைப் பார்த்துச் சிரித்தவன் இவன்.

இந்திரன் பழிவாங்கிய விதம் விசித்திரமானது. மழையைப் பொழிவித்தான். நாடு செழித்தது. உண்ண வருவாரின்றி ஆபுத்திரன் ஊர் ஊராக அலைந்தான். சாவகத்திலே பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை, அவன் ஏறிவிட்டான் என்றெண்ணிக் கப்பல் விட்டுச் சென்றது. ஆளற்ற அழகிய தீவு; வற்றாத அட்சய பாத்திரம்; உண்ண வேறெவரும் இல்லை. தான் ஒருவன் உண்டு வாழ்ந்திருக்கலாம். அவன் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாது உயிர்நீத்தான். தேடித் திரும்பி வந்த செட்டிமாரும் அவனுக்காக அங்கேயே உயிர்விட்டனர். பகிர்ந்துண்ண ஆளில்லாத நிறைவை இந்தக் காப்பியம் வாழ்வாகவே ஏற்கவில்லை.

நேயர்களே, 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த சனத்தோடு நானும் நடந்தேன். எனக்குப் பதினான்கு வயது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் ஓர் அடி எடுத்துவைக்க அரைமணி நேரம் சென்றது. மறுநாள், ஒரு வீட்டுப் படலையடியில் முன்பின் அறியாத ஓர் அம்மா கிடாரத்திலிருந்து கஞ்சி வார்த்துத் தந்தார். "குடி மோனே, ஆறமுன்னம் குடி" என்றார். சொர்க்கம் என்ற சொல்லுக்கு என்னிடம் உள்ள ஒரே படம் அந்தப் படலைதான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பட்டம் முடித்த காலத்தில் நானும் வெளிநாடு செல்ல விண்ணப்பித்தேன். நிராகரித்துவிட்டார்கள். நான் இங்கே இருப்பதற்குக் காரணம் இலட்சியமென்று சொன்னால் அது பொய். ஆகவே போகிற பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் உரிமை எனக்கில்லை. அவர்களிற் பலர் காயசண்டிகைகள்; பசிதான் துரத்துகிறது.

அந்த மாணவன் 2024இல் போய்விட்டான். சென்ற தைப்பொங்கலன்று அழைத்தான். உணவகமொன்றில் பாத்திரம் கழுவுகிறானாம். "அமுதசுரபி இல்லைச் சேர், வெறும் கோப்பைகள்தான்" என்று சிரித்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "காலமை சாப்பிடாமல் வாற பிள்ளைகள் இப்பவும் இருக்கினமோ?" இருக்கிறார்கள் என்றேன். அவனும் கூட்டாளிகளுமாகச் சேர்ந்து மாதாமாதம் சிறுதொகை அனுப்புகிறார்கள். எங்கள் சிற்றுண்டிச்சாலையில் சில பிள்ளைகளுக்குக் காலையில் கடலையும் தேநீரும் கிடைக்கின்றன. எவர் தருவதென்று அவர்களுக்குத் தெரியாது.

வகுப்பிலே நான் சொல்லத் தவறிய மறுமொழியை அவனே தேடிக்கொண்டான். தெய்வமும் வானில் எழுந்த பிறகுதானே அந்த மூன்றாவது மந்திரத்தை நினைத்தது.